ரேடியேட்டரில் இறுகிப்போன ஹோஸும் ஆயில் லைனும்: நெக்கை உடைக்காமல் கழற்றும் முழுமையான வழிகாட்டி

காரின் ரேடியேட்டரைக் கழற்றும் வேலையில் போல்ட்டுகள் பத்து நிமிடத்தில் வந்துவிடும். மீதி நேரம் முழுவதையும் தின்பது ஹோஸ்தான். அந்த இடத்தில் பொறுமை போய் ஒரே இழுப்பாக இழுப்பவர்களுக்குத்தான் ரேடியேட்டரைப் புதிதாக வாங்க நேர்கிறது. ஒரு ரப்பர் ஹோஸ் சில நூறு ரூபாய். அது மாட்டியிருக்கும் குட்டைக் குழாய், அதாவது நெக், உடைந்தால் செலவு ஆயிரங்களில் போகும். ஆகவே வேலை தொடங்கும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: இரண்டில் ஒன்று போக வேண்டுமென்றால் ஹோஸ் போகட்டும்.

இன்னொன்று, இழுப்பது கடைசி அசைவு. அதற்கு முன் ஹோஸ் நெக்கின் மேல் தாராளமாகச் சுழல வேண்டும். சுழலாத ஹோஸை இழுக்கவே கூடாது.

ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது

கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், ஓடும் ஹோஸ்கள் பெரும்பாலும் இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரில் செய்தவை. 90 டிகிரி வெப்பத்தில், ஹோஸை நெக்கின் மேல் இறுக்கிப் பிடிக்கும் வளையமான கிளாம்பின் அழுத்தத்தில், ஐந்தாறு வருடம் இருந்த ரப்பர் நெக்கின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய பள்ளங்களுக்குள் இறங்கி அப்படியே படிந்துவிடும். பார்க்கப் பசை போட்டு ஒட்டியது போலிருக்கும், உண்மையில் பசை எதுவும் இல்லை.

உலோக நெக் என்றால் இன்னொரு சிக்கல் சேரும். அலுமினியம் அரிக்கும்போது வரும் வெள்ளைப் பொடி, அரித்துப்போன உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். அந்தப் பொடி ரப்பருக்கும் உலோகத்துக்கும் நடுவே ஆப்பு அடித்தது போல இறுகிவிடும். கூலன்ட்டுக்குப் பதிலாகப் போர்வெல் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டிகளில் இது படு மோசம். அரிப்பைத் தடுக்கும் ரசாயனம் அந்தத் தண்ணீரில் கிடையாது, உப்புப் படிவு வேறு ஏறும். ஹோஸின் விளிம்பில் வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த படிவு வளையம் தெரிந்தால், உள்ளேயும் அதுவே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது காரணம் மனிதர்கள். கசிவை நிறுத்துகிறேன் என்று யாரோ நெக்கில் கேஸ்கெட் பேஸ்ட் தடவி மாட்டியிருப்பார்கள். அந்த ஹோஸைக் கழற்ற முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம், நேராக வெட்டிவிடலாம்.

இன்றைய கார்களில் ரேடியேட்டரின் இரு பக்கமும் கூலன்ட் தேங்கும் டாங்குகள் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். கண்ணாடி இழை கலந்த நைலான் புதிதாக இருக்கும்போது நல்ல உறுதியானது. ஆனால் வருடக்கணக்கில் சூடும் ஆறலுமாக மாறி மாறிப் பட்டு மொறுமொறுப்பாகிவிடும். மேல் ஹோஸ் நுழையும் இடத்தைச் சுற்றிக் கறுப்பு நிறம் வெளிறிப் பழுப்படித்திருந்தால் அந்த நெக்கை முட்டை ஓடு என்று நினைத்தே கை வைக்க வேண்டும்.

தொடும் முன் செய்ய வேண்டியவை

என்ஜின் முழுக்க ஆற வேண்டும், குறைந்தது 2 முதல் 3 மணி நேரம். ரேடியேட்டர் மூடியில் 1.1 என்று பொறித்திருந்தால், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 1.1 பார் வரை அது உள்ளே அடைத்து வைக்கும் என்று பொருள். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் போய், அந்த நொடியே கொதித்து முகத்தில் பீறிடும். மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி விறைப்பாக இருந்தால் இன்னும் அழுத்தம் இருக்கிறது. தொளதொளவென்று அமுங்கினால் மூடியின் மேல் தடித்த துணியைப் போட்டு, முதல் படி வரை மட்டும் திருப்பி நிறுத்துங்கள். காற்றுச் சத்தம் நின்ற பிறகு முழுக்கத் திறக்கலாம்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். எலெக்ட்ரிக் ஃபேன் சில வண்டிகளில் சாவி எடுத்த பிறகும் தானாகச் சுற்றும். கை உள்ளே இருக்கும்போது அது சுற்றினால் விரல் போகும்.

சிறிய கார்களில் 4 முதல் 6 லிட்டர் கூலன்ட் இருக்கும், 10 லிட்டர் கொள்ளும் அகலமான பேசின் வையுங்கள். வடித்த கூலன்ட் இனிப்புச் சுவை உள்ள விஷம். நாய், ஆடு, மாடு எதுவும் குடித்துவிடும். எனவே சாக்கடையில் ஊற்றாமல், வாய் திறந்தபடி வைக்காமல், கேனில் அடைத்து எட்டாத இடத்தில் வையுங்கள். கூலன்ட்டை வடிக்கும் டிரெய்ன் பிளக் பிளாஸ்டிக்காக இருந்து, அது இறுகியும் இருந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். கீழ் ஹோஸைக் கழற்றும்போது தானாக வடியும். எப்படி வடித்தாலும் கீழே ஒரு லிட்டர் போல மிச்சம் நிற்கும், கீழ் ஹோஸ் விடும்போது அது மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஓடிவரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு தட்டையான வலை இருக்கும், அது ஏ.சி. கண்டென்ஸர். அதற்குப் போகும் அலுமினியப் பைப்புகளைக் கழற்றாதீர்கள். அவற்றுக்குள் கேஸ் அழுத்தத்தில் இருக்கிறது. தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பெரும்பாலான வண்டிகளில் கண்டென்ஸரை அதன் இடத்திலேயே கட்டி நிறுத்திவிட்டு ரேடியேட்டரை மட்டும் தூக்கிவிடலாம்.

கருவிகள் அதிகம் வேண்டாம். ஸ்பிரிங் கிளாம்ப் பிளேயர், நுனி வளைந்த மழுங்கலான ஹோஸ் கொக்கி, கட்டர் கத்தி, சைடு கட்டர், சோப்புத் தண்ணீர், பனியன் வேஸ்ட். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் ஃப்ளேர் நட் ஸ்பேனர் கட்டாயம். அதைப் பின்னால் பார்ப்போம்.

ரப்பர் ஹோஸ்: முதலில் கிளாம்ப்

கிளாம்ப் இருந்த இடத்தையும் அதன் காது (துருத்தி நிற்கும் முனை) பார்த்த திசையையும் பெயின்ட் மார்க்கரால் குறித்துவிடுங்கள், போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது காது ஃபேனில் உரசாமல் இருக்க இது உதவும்.

ஸ்பிரிங் கிளாம்பின் இரு காதுகளையும் பிளேயரால் சேர்த்து அமுக்கி, ஹோஸின் மேலேயே 5 செ.மீ. பின்னால் தள்ளி விடுங்கள். நெக்கின் நுனியில் உள்ள மேட்டைத் தாண்டிக் கிளாம்ப் போய்விட்டதா என்று உறுதி செய்யுங்கள். பாதி தள்ளிய கிளாம்ப் மேட்டின் மேலேயே உட்கார்ந்திருக்க, ஹோஸ்தான் ஒட்டிக்கொண்டது என்று நினைத்துப் போராடுவது அடிக்கடி நடக்கும். துருப்பிடித்த ஸ்பிரிங் கிளாம்ப் பிளேயரிலிருந்து நழுவினால் கல் மாதிரி தெறிக்கும். முகத்தை நேர் மேலே வைக்காதீர்கள்.

ஸ்க்ரூ கிளாம்ப் என்றால் ஸ்க்ரூ டிரைவரைவிடத் தலையின் ஆறு முகத்தில் பொருந்தும் பாக்ஸ் ஸ்பேனர் நல்லது, பெரும்பாலும் 7 அல்லது 8 மி.மீ. ஸ்க்ரூ தேய்ந்துவிட்டால் பட்டையை சைடு கட்டரால் வெட்டிப் போடுங்கள். புதுக் கிளாம்ப் மலிவு. ஆக்சா பிளேடால் அறுக்காதீர்கள், பட்டை அறுந்த கணத்தில் பிளேடு ரப்பரைத் தாண்டி நெக்கில் இறங்கிவிடும்.

பிறகு ஒட்டை உடைப்பது

முதல் முயற்சி வெறும் கையால். ஹோஸை நெக்குக்கு மிக அருகில், முழு உள்ளங்கையால் பிடித்து, ஜாடி மூடியைத் திருகுவது போல இடமும் வலமும் மாற்றி மாற்றித் திருப்புங்கள். தூரத்தில் பிடித்தால் நடு ஹோஸ் முறுக்கிக்கொள்ளும், ஒட்டியிருக்கும் பகுதிக்கு விசை போகாது. மேலும் கீழும் ஆட்டுவது வேண்டவே வேண்டாம். அந்த அசைவில் நெக் டாங்கோடு சேரும் மூலையில்தான் முழு பாரமும் விழும், பிளாஸ்டிக் நெக் பெரும்பாலும் அந்த மூலையில்தான் முறியும்.

ஒட்டு உடையும் தருணத்தைக் கையே சொல்லும். முதலில் ரப்பர் மட்டும் சற்று முறுக்கிக்கொண்டு திரும்பிவரும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ‘நறுக்’ என்று மெல்லிய சத்தம் வந்து, ஹோஸ் நூலிழை நகரும். விளிம்பிலிருந்து வெள்ளைத் தூள் உதிரும். அந்த நூலிழை கிடைத்துவிட்டால் வேலை முக்கால்வாசி முடிந்தது. அங்கேயே நின்று முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டே இருங்கள், சுற்று பெரிதாகிக்கொண்டே போகும்.

கையால் வரவில்லையா, வெந்நீர். கொதித்து இறக்கிய தண்ணீரில் துணியை நனைத்து, கையுறை போட்டு ஹோஸின் நுனியைச் சுற்றிக் கட்டி 2 முதல் 3 நிமிடம் விடுங்கள். ரப்பர் தளர்ந்து இணங்கும். வண்டி ஓடும்போது இருக்கும் சூடு கிட்டத்தட்ட இவ்வளவுதான் என்பதால் பிளாஸ்டிக்குக்குக் கேடில்லை. நெருப்பு மட்டும் காட்டாதீர்கள், லைட்டரோ டார்ச்சோ எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் உருகும், பக்கத்தில் ஆயிலும் பெட்ரோல் லைனும் இருக்கின்றன.

அதற்கும் அசையாவிட்டால் ஹோஸ் கொக்கி. நுனியை சோப்புத் தண்ணீரில் நனைத்து, ரப்பர் விளிம்புக்கும் நெக்குக்கும் நடுவே 1 செ.மீ. அளவுக்கு நுழைத்து, நெக்கைச் சுற்றி மெதுவாக வலம் வாருங்கள். நுழைந்த இடைவெளியில் சோப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் அது உள்ளே இறங்கி வழுக்கும். கொக்கியின் முனை ரப்பர் பக்கம் சாய்ந்திருக்கட்டும். நெக்கில் நீளவாக்கில் ஒரு கீறல் விழுந்தால், எவ்வளவு இறுக்கிக் கிளாம்ப் போட்டாலும் கூலன்ட் அந்தக் கீறல் வழியாகவே வழியும். கூர்மையான ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு நெம்பக் கூடாது என்பதும் இதனால்தான்.

கூலன்ட் ஹோஸில் ஆயில் ஸ்பிரே அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இ.பி.டி.எம். ரப்பர் மினரல் ஆயில் பட்டால் ஊறி, உப்பி, மெத்தென்று ஆகிவிடும். திரும்ப மாட்டப்போகும் ஹோஸ் என்றால் அதன் ஆயுள் அன்றோடு போச்சு. சோப்புத் தண்ணீரோ கூலன்ட்டோ போதும்.

பிளேயர் வைத்துத் திருப்புவதென்றால் வாய் அகலமானதாக, துணி சுற்றி, பிடி ஹோஸ் வழுக்காத அளவுக்கு மட்டும் இருக்கட்டும். நசுக்கினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நெக் வளையமாக விரிசல் விடும். ஹோஸுக்குள் இருப்பதால் கண்ணில் படாது, ஓட்டும்போதுதான் தெரியும்.

வெட்டுவது தோல்வி அல்ல

ஐந்து வருடத்துக்கு மேல் ஓடிய ஹோஸை எப்படியும் மாற்ற வேண்டியதுதான். எனவே மேலே சொன்னவற்றை எல்லாம் 15 நிமிடம் முயன்றும் வராவிட்டால் கத்தியை எடுங்கள். புது ஹோஸ் கைக்கு வந்துவிட்டதா என்று மட்டும் முதலில் பாருங்கள். வளைவான ஹோஸுக்கு நேர்க் குழாயை வெட்டிப் போட்டு ஒப்பேற்ற முடியாது, மடங்கி அடைத்துக்கொள்ளும்.

நெக் முடியும் இடத்துக்கு 1 செ.மீ. அப்பால் ஹோஸை முதலில் குறுக்காக வெட்டி, நெக்கின் மேல் ஒரு சிறு வளையம் மட்டும் மிஞ்சும்படி செய்யுங்கள். பிறகு அந்த வளையத்தை நீளவாக்கில் கீறுங்கள். ரப்பரின் தடிமன் 4 முதல் 5 மி.மீ. இருக்கும், அதில் 3 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் கத்தி போகட்டும். பிறகு கீறலில் சப்பை ஸ்க்ரூ டிரைவரை வைத்து முறுக்கினால், மிச்சமுள்ள நூல் வலையும் ரப்பரும் தானாகக் கிழியும். கத்தி முனை நெக்கைத் தொடவே இல்லை. கிழிந்த விளிம்பை நோஸ் பிளேயரால் பிடித்து ஆரஞ்சுத் தோல் உரிப்பது போலச் சுற்றி உரித்தெடுங்கள்.

ஹீட்டர் ஹோஸ்களுக்குத் தனி விதி. அவை மாட்டியிருக்கும் ஹீட்டர் கோரின் (காருக்குள் சூடு தரும் சிறு ரேடியேட்டர்) பைப் மெல்லியது, அது வளைந்தாலோ கிழிந்தாலோ டேஷ்போர்டையே கழற்ற வேண்டி வரும். அங்கே ஒரு தரம் கையால் திருப்பிப் பாருங்கள். வராவிட்டால் யோசிக்காமல் வெட்டுங்கள்.

கம்பி கிளிப் போட்ட கப்ளிங்

ஐரோப்பிய வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் கிளாம்ப் இருக்காது. கப்ளிங் எனப்படும் பிளாஸ்டிக் இணைப்பில் ஒரு கம்பி கிளிப்பும், உள்ளே கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கும் இருக்கும். இதில் எல்லோரும் செய்யும் தவறு, கிளிப்பைத் தூக்கியதும் இழுப்பது. மண்ணும் காய்ந்த கூலன்ட்டும் சேர்ந்து கிளிப்பைப் பாரத்தில் பிடித்து வைத்திருக்கும். முதலில் வெந்நீரை ஊற்றி மண்ணைக் கழுவுங்கள். கப்ளிங்கை ரேடியேட்டரை நோக்கி உள்ளே அழுத்துங்கள், கிளிப்பின் மீதுள்ள பாரம் விலகும். அந்த நிலையில் கிளிப்பை அது நிற்கும் மேல்படி வரை தூக்குங்கள். பிறகு கப்ளிங்கைச் சிறிது இடவலமாகத் திருப்பி, நேராக வெளியே இழுங்கள். சாய்த்து இழுத்தால் உள்விளிம்பு உடையும்.

வளைந்த கிளிப்பை நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள். அழுத்தம் ஏறியதும் கப்ளிங் கழன்று, கூலன்ட் முழுவதும் சாலையில் போய்விடும். ஓ-ரிங்கும் ஒவ்வொரு முறையும் புதிது.

கியர்பாக்ஸ் ஆயில் லைன்கள்

ஆயில் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக் வண்டிகள் பலவற்றில் கியர்பாக்ஸ் ஆயில் இரண்டு லைன்கள் வழியாக ரேடியேட்டர் டாங்குக்குள் இருக்கும் குளிர்விப்பானுக்கு வந்து போகும். சாதாரண கியர் வண்டிக்கும், அதே கியர்பாக்ஸில் கியரைத் தானாக மாற்றும் ஏ.எம்.டி. வண்டிக்கும் இது கிடையாது. இந்த லைனில் தவறு செய்தால் கியர்பாக்ஸே போகலாம் என்பதால் நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான்.

ஸ்டீல் பைப்பும் நட்டும் உள்ள வகையில், நட்டைச் சுற்றி வயர் பிரஷ் போட்டுத் துரு நீக்கி, துரு இளக்கும் ஸ்பிரே அடித்து அரை மணி நேரம் விடுங்கள். மோசமான துரு என்றால் இரவு ஒரு தடவை, காலையில் ஒரு தடவை. ஸ்பிரே பக்கத்து கூலன்ட் ஹோஸில் படாமல் துணியால் மறையுங்கள்.

சாதாரண ஸ்பேனர் நட்டின் இரண்டு முகங்களைத்தான் பிடிக்கும், மென்மையான நட் உடனே ரவுண்டாகிவிடும். ஃப்ளேர் நட் ஸ்பேனர் ரிங் ஸ்பேனர் போலவே இருக்கும், பைப் நுழைய ஒரு வெட்டு மட்டும் விட்டிருக்கும், ஐந்து முகங்களைப் பிடிக்கும். அதை நட்டிலும், இரண்டாவது ஸ்பேனரை டாங்கில் உள்ள ஃபிட்டிங்கிலும் போட்டு, ஒன்றை நிறுத்தி மற்றதைத் திருப்புங்கள். இரண்டாவது ஸ்பேனர் இல்லாமல் திருப்பினால் ஃபிட்டிங்கும் சேர்ந்து சுழன்று டாங்குக்குள் குளிர்விப்பானின் சீல் கிழியும். வெளியே எதுவும் தெரியாது. சில நாளில் கூலன்ட்டும் ஆயிலும் கலந்து, கூலன்ட் ரிசர்வாயரில் ரோஸ்மில்க் நிறத்தில் நுரை வந்து நிற்கும். அதற்குள் கியர்பாக்ஸ் கிளட்ச் தட்டுகளில் தண்ணீர் ஏறியிருக்கும்.

நட் அசையாவிட்டால் முதலில் இறுக்கும் திசையில் மிகச் சிறிது அழுத்திப் பாருங்கள், துரு விரிசல் விடும். பிறகு ஸ்பேனரின் வாலில் சிறு சுத்தியால் குட்டையாகத் தட்டுங்கள். நீண்ட இழுப்பைவிடச் சின்ன அதிர்ச்சிதான் துருவை உடைக்கும். நட்டோடு பைப்பும் சேர்ந்து முறுக்குகிறதா என்று கண் வைத்திருங்கள். பைப்பில் ஒரு கோடு வரைந்துகொண்டால் தெளிவாகத் தெரியும். முறுக்கினால் நிறுத்தி, எதிர்ப்பக்கம் திருப்பி, ஸ்பிரே அடித்து, எட்டில் ஒரு சுற்று மட்டும் முன்னும் பின்னும் ஆட்டுங்கள்.

ரேடியேட்டரைத் தூக்கியெறியப் போகிறீர்கள் என்றால் எளிய வழி உண்டு. லைனை அதன் மறுமுனையில் கழற்றி, ரேடியேட்டரோடு சேர்த்து வெளியே எடுத்து, மேசையில் வைத்து நிதானமாகக் கழற்றுங்கள். ரேடியேட்டர் போனால் போகட்டும், லைன் மிஞ்சும்.

சில வண்டிகளில் நட்டுக்குப் பதிலாக வளையக் கம்பி கிளிப் இருக்கும். பிளாஸ்டிக் மூடி இருந்தால் பின்னால் தள்ளி, கம்பியின் ஒரு நுனியைக் கொக்கியால் தூக்கி, மறு கை விரலால் அமுக்கிக்கொண்டே சுற்றி எடுங்கள். விடுபட்டால் தெறித்து ஃபேன் கூட்டுக்குள் விழும். லைன் நேராக வர வேண்டும்.

ரப்பர் ஆயில் ஹோஸ் என்றால் முன்பு சொன்ன திருப்பும் முறையேதான். வெட்டினால் மாற்று ஹோஸ் கியர்பாக்ஸ் ஆயிலுக்கு என்றே விற்பதாக இருக்க வேண்டும். கூலன்ட் ஹோஸைப் போட்டால் ஆயிலில் ஊறி உப்பிக் கழன்றுவிடும்.

திறந்த முனைகளைச் சுத்தமான ரப்பர் மூடியால் உடனே அடையுங்கள், துணி திணிக்காதீர்கள், நூல் உள்ளே போகும். வழிந்த ஆயிலை ஒரு அளவுக் குவளையில் பிடித்து எத்தனை மி.லி. என்று எழுதி வையுங்கள். அதே வகை புது ஆயிலை அதே அளவு ஊற்றினால் மட்டம் ஏறக்குறைய சரியாக நிற்கும்.

நெக்கைச் சுத்தம் செய்து திரும்ப மாட்டுதல்

ஒட்டியிருக்கும் ரப்பர் துணுக்குகளை விரல் நகத்தாலும் பாத்திரம் தேய்க்கும் நார் ஸ்கிரப்பராலும் எடுங்கள். உலோக நெக்குக்கு 400 நம்பர் எமரி ஷீட்டைச் சுற்றுவாக்கில் தேய்க்கலாம், நீளவாக்கில் வேண்டாம். உப்புப் படிவுக்கு வினிகரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் சுற்றி வைத்துத் துடைத்து, தண்ணீரில் கழுவுங்கள். பிறகு நகத்தை நெக்கின் மேல் மெதுவாக ஓட்டுங்கள். நகம் தடுக்கும் இடம் இருந்தால் கூர்ந்து பாருங்கள். பிளாஸ்டிக் நெக்கில் விரிசல் என்றால் பசையோ எம்-சீலோ சூட்டிலும் அழுத்தத்திலும் நிற்காது. நடுவிலுள்ள அலுமினிய வலை, அதாவது கோர், நன்றாக இருந்தால் ரேடியேட்டர் கடைகளில் டாங்கை மட்டும் மாற்றி, விளிம்பை மடித்து இறுக்கித் தருவார்கள்.

மாட்டும்போது நெக்கைக் கூலன்ட்டால் நனைத்து, ஹோஸை அடி வரை ஏற்றுங்கள். கிரீஸும் பேஸ்ட்டும் வேண்டாம். கிளாம்ப் நெக்கின் மேட்டுக்குப் பின்னால், ஹோஸ் விளிம்பிலிருந்து 3 முதல் 5 மி.மீ. உள்ளே உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே உட்கார்ந்தால் வழுக்கும். ஸ்க்ரூ கிளாம்பை ரப்பர் பட்டைத் துளைகள் வழியே பிதுங்கும் அளவுக்கு இறுக்காதீர்கள்.

பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்து மெதுவாக ஊற்றுங்கள், அல்லது கடையில் கலந்தே வரும் வகையை அப்படியே ஊற்றுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேற்றும் ஸ்க்ரூ இருந்தால் திறந்து, குமிழி நின்று கூலன்ட் வரும்போது மூடுங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை என்ஜினை ஓடவிட்டு, ஆறிய பிறகு மட்டம் பாருங்கள். ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் வெள்ளை டிஷ்யூ பேப்பரைத் தொட்டுப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத கசிவும் அதில் நிறமாகத் தெரியும். 10 முதல் 15 கி.மீ. ஓட்டிவிட்டு மறுநாள் காலை, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது இன்னொரு முறை டிஷ்யூ வையுங்கள். புது ரப்பர் முதல் சூட்டில் சற்று அமுங்கியிருக்கும், ஸ்க்ரூ கிளாம்ப் கால் சுற்று வரை ஏற்கும்.